ஊவாவின் கோப்பியும் ஓர் இலைப்புள்ளியும்

பதுளையிலிருந்து பசறை வழியாக ஏறிச் செல்வோர் மடுல்சீமையில் இன்று காண்பது தேயிலையே. 1869ஆம் ஆண்டில் அச்சரிவுகளில் கோப்பி நின்றது. அவ்வாண்டு புதிதாகத் திறக்கப்பட்ட தோட்டமொன்றில் சில இலைகளின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சள் தூள் படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பேர்க்லி பாதிரியாருக்கு அனுப்பினார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கு அழிவுக்குப் பங்கசே காரணமென 1846இல் வாதிட்டவர் இவரே.

நுணுக்குக்காட்டியில் தெரிந்த வித்திகள் சிறுநீரக வடிவின. முதுகுப்புறம் கரடுமுரடானது, மறுபுறம் வழவழப்பானது. அறியப்பட்ட எப்பிரிவிலும் இதனை எளிதில் அடக்க இயலாமையால், பூஞ்சணங்களுக்கும் துருப்பங்கசுகளுக்கும் இடைப்பட்டதாக அவர் இதனைக் கருதி, ஹெமிலெயா எனப் புதுச்சாதி வகுத்தார். அரைவழவழப்பு என்பது அதன் பொருள். வஸ்தாத்திரிக்ஸ், அதாவது பாழ்படுத்துவது, என்ற இனப்பெயரையும் உடன் சூட்டினார். பெயர் அத்துணை விரைவில் பலிக்குமென அவரும் எண்ணியிருக்கமாட்டார்.

பெயரிட்டதால் நோய் விளங்கிவிடவில்லை. மரத்தின் வெளிப்புறத்தே படர்ந்த இழைகளை நோயின் ஒரு பருவமெனக் கொண்ட மொறிஸ் என்பார், கந்தகமும் சுண்ணாம்பும் தூவுவித்தார். 1880இல் இலங்கை வந்த மார்ஷல் வார்ட், அவ்விழைகள் வேறொரு பங்கசுக்குரியவை எனக் காட்டினார். நீர்த்துளியில் வித்திகளை முளைக்கவைத்து, அவற்றின் குழாய் இலைவாயினூடே உட்புகுதலைக் கவனித்தார். தோட்டங்களிற் கண்ணாடித் தட்டுக்களை நிறுத்திக் காற்றில் வந்த வித்திகளைப் பிடித்தார். வேறுவகை வித்திகளையுங் கண்டு, இது துருப்பங்கசுக் குடும்பத்தது என நிறுவினார். இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டதே நோய்க்கு வழிதிறந்தது என்ற அவர் கூற்று துரைமாருக்கு இனித்திருக்காது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1870இல் பத்து இலட்சம் அந்தரைத் தாண்டிய ஏற்றுமதி வீழ்ந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. இந்நோயின் வரலாறு பெரும்பாலும் பங்கசின் கதையாகவும் துரைமாரின் நட்டக்கணக்காகவுமே எழுதப்பட்டுள்ளது. செடிகளிடையே உழைத்த தமிழ்த் தொழிலாளரோ நிலுவைக் கூலி கிட்டாமலே வெளியேற நேர்ந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து மீண்டவர் பலர். பின்வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியிருந்தது. பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களிலேயே தங்கின.