பெருநகரத் திட்டமிடல் அமைப்பு (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 50,000-க்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகர்ப்புறங்களுக்குக் கூட்டாட்சிப் போக்குவரத்து நிதியைச் செலவிடும் முன்னுரிமைகளை உள்ளாட்சிகளும் மாநில அரசும் கூடி வகுக்கும் அமைப்பு. 1962ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் கூட்டுத் திட்டமிடலைக் கட்டாயமாக்கியது. 1973இல் இதற்கெனத் தனி நிதி கிடைத்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தேர்வில் இதன் அதிகாரத்தைப் பெருக்கியது. ஆளுநரும், அப்பகுதி மக்களில் குறைந்தது 75 விழுக்காட்டினரைக் கொண்ட உள்ளாட்சிகளும் உடன்பட்டால் அமைப்பு நிறுவப்படும்.

குறைந்தது 20 ஆண்டுகளுக்கான நெடுநோக்குத் திட்டமும் 4 ஆண்டுப் பணிப்பட்டியலும் இதன் முதன்மை ஆவணங்கள். பட்டியல், எதிர்பார்க்கத்தக்க வருவாய்க்குள் அடங்க வேண்டும். ஆளுநரின் ஒப்புதலும் தேவை. பட்டியலில் இல்லாத சாலைப்பணிக்குப் பொதுவாகக் கூட்டாட்சி நிதி கிட்டாது. உள்ளாட்சிகளின் உண்மையான செல்வாக்கு இங்கேதான் உள்ளது. 2,00,000-க்கு மேற்பட்ட மக்கள்தொகையுள்ள பகுதிகளில், தேசிய நெடுஞ்சாலை வலையமைப்பு நீங்கலான பெரும்பாலான பணிகளை அமைப்பே தேர்ந்தெடுக்கும்.