வாத்தியப் பரீட்சையும் சாதக நேரமும்: ஒரு வரலாற்று நோக்கு

வயலின், வீணை, மிருதங்கம், பியானோ ஆகிய வாத்தியங்களில் தராதரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் ஓயாது எழுப்பும் வினா ஒன்றுண்டு. பாடசாலைப் பாடங்களும் பிற பரீட்சைகளும் நாளின் பெரும் பகுதியைக் கவர்ந்துகொள்ள, சாதகத்துக்கு நேரம் எங்கே என்பதே அவ்வினா. இது மாணவரின் சோம்பலாலோ பெற்றோரின் அசட்டையாலோ எழுந்ததெனக் கொள்வது பொருந்தாது. வரலாற்றை நோக்குமிடத்து, முற்காலத்தில் இசையைத் தொழிலாகக் கற்றோர்க்கு இவ்வினா பெரும்பாலும் எழவில்லை என்பது புலனாகும். அவர்களுக்கு வேண்டிய காலத்தை அரசனோ, கோயிலோ, குருவோ, அறநிலையமோ ஒதுக்கிக் கொடுத்தது. காலத்தைக் கொடாது திறமையை மாத்திரம் அளந்து பார்க்கும் ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய பின்னரே இவ்வினா வீடுதோறும் புகுந்தது.

கலைப் பயிற்சியைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இதற்குத் தக்க சான்றாகும். மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டிலே சோழ மன்னன் முன்னிலையில் தன் கலையைக் காட்டினாள் என்றும், தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள் என்றும் அக்காதை கூறும். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழ்ப்புலவன் முதலியோரின் இலக்கணங்களும் அங்கே முறையாக வகுத்துரைக்கப்படுகின்றன. ஈண்டு கருதத்தக்கது யாதெனின், அரங்கேற்றம் என்னும் சோதனைக்கு முன்னர் ஏழாண்டுக் காலம் முழுமையாகப் பயிற்சிக்கென்றே விடப்பட்டது என்பதாம்.

சோழப் பேரரசு காலத்தில் இவ்வேற்பாடு கல்லிலே பொறிக்கப்பட்டது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் மனையொன்றும், ஆண்டுக்கு நூறு கல நெல் விளைவுடைய பங்கொன்றும் வழங்கினான். நட்டுவரும் பாடுவோரும் வாத்தியக்காரரும் அவ்வாறே பங்கு பெற்றனர். நெல்லைக் கொடுத்தான் என்று கூறுவதிலும் காலத்தைக் கொடுத்தான் என்று கூறுவதே பொருத்தமாகும். உணவுக்கு உழைக்க வேண்டிய பொழுதெல்லாம் கலைக்கு உழைக்கும் பொழுதாக மாறியது அந்நெல்லாலன்றோ?

குருகுல முறையும் இத்தகையதே. சீடன் குருவின் இல்லத்திலே உறைந்து, பணிவிடை செய்து, வைகறையில் எழுந்து சாதகம் பண்ணினான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்பவற்றை மூன்று காலங்களிலும் இடையறாது பழகும் கடும் பயிற்சிக்கு அசுரசாதகம் என்றே பெயரிட்டனர். யாழ்ப்பாணத்திலும் இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களின் நாதசுர, தவிற் குடும்பங்களிலே பிள்ளைகள் பிறந்த நாள்தொட்டுக் கேட்டதும் பழகியதும் வாத்தியமே. எனினும் அம்முறைக்குக் குறையும் உண்டு. குலமும் குடும்பமும் வாய்க்காதவர்க்கு அதன் வாயில் எளிதிலே திறக்கவில்லை. காலம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் சிலர்க்கே கிடைத்தது.

மேலைநாட்டு வரலாறும் இவ்வண்ணமே தொடங்குகின்றது. இசைக் கல்லூரியைக் குறிக்கும் ‘கொன்சர்வற்றோரியோ’ என்னும் இத்தாலியச் சொல், ஆதியில் அநாதைப் பிள்ளைகளைப் பாதுகாக்கும் இல்லத்தையே குறித்தது. நேப்பிள்சு நகரில் அத்தகைய இல்லங்கள் நான்கு இருந்தன. வெனிசு நகரிலே பெண் குழந்தைகளுக்கு இசை கற்பித்த அறநிலையங்களும் நான்கு. அவற்றுள் ஒன்றாகிய பியற்றாவில் 1703ஆம் ஆண்டில் வயலின் ஆசிரியராக அமர்ந்தவரே புகழ்பெற்ற விவால்டி.

1770ஆம் ஆண்டில் நேப்பிள்சு சென்ற ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சாள்சு பேணி, அங்கே சாந்த் ஒனோபிரியோ இல்லத்திற் கண்டவற்றைத் தம் நூலிலே விரிவாக எழுதியுள்ளார். மாடிப்படியிலே ஒருவன் எக்காளம் ஊதினான். அதற்கு மேற்படியில் மற்றொருவன் கொம்பு ஊதினான். பொது அறை ஒன்றில் ஏழெட்டு ஹாப்சிகோட்டுகளும் அவற்றினும் மிகுதியான வயலின்களும் ஒரே வேளையில், வேறு வேறு சுருதியிலும் வேறு வேறு உருப்படியிலும் ஒலித்தன. மாணவரின் கட்டில்களும் அவ்வறையிலேயே இருந்தன. குளிர்காலத்தில் விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னரே எழுந்து, பகலுணவுக்கென ஒன்றரை மணி நேரம் நீங்கலாக, இரவு எட்டு மணிவரை அவர்கள் பயின்றனர். அத்துணை இரைச்சலில் நயமும் நுண்மையும் எவ்வாறு வளரும் என்று பேணி ஐயுற்றார். அவர் ஐயம் நியாயமானதே. ஆயினும் அப்பிள்ளைகளுள் எவனும் நேரம் இல்லையென முறையிட்டிருக்க இயலாது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இப்பொறுப்பை அரசு ஏற்றது. 1795ஆம் ஆண்டில் பாரிசு இசைக் கல்லூரி நிறுவப்பட்டது. இலண்டன் றோயல் அக்கடமி 1822இலும், மெண்டல்சோன் நிறுவிய இலைப்சிக் கல்லூரி 1843இலும் தோன்றின. இவை பரீட்சையும் போட்டியும் நடத்தின. ஆயினும் அங்குக் கற்றோர்க்கு இசையே முழுநேரக் கல்வியாக இருந்தது. பரீட்சித்தவரும் கற்பித்தவரும் ஒரு கூரையின் கீழ் இருந்தமையால், மாணவன் எவ்வளவு நேரம் பயின்றான் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தனர்.

பெருமாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே நிகழ்ந்தது. 1858ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம், தன் கல்லூரிகளிற் பயிலாதவரும் பட்டப் பரீட்சைக்குத் தோற்றலாம் என விதித்தது. அவ்வாண்டிலேயே ஒக்ஸ்போட், கேம்பிரிட்ச் பல்கலைக்கழகங்கள் வெளியூர்ப் பாடசாலை மாணவர்க்கெனத் தலப் பரீட்சைகளைத் தொடங்கின. கேம்பிரிட்ச் தலப் பரீட்சை 1880இலும் இலண்டன் பிரவேசப் பரீட்சை 1882இலும் இலங்கைக்கு வந்தன. கற்பிக்கும் இடமும் சோதிக்கும் இடமும் வெவ்வேறாயின. இம்முறையை இசையும் விரைவிலே மேற்கொண்டது. இலண்டன் திரினிற்றிக் கல்லூரி 1877ஆம் ஆண்டில் வெளிவாரி இசைப் பரீட்சைகளை ஆரம்பித்தது. 1889ஆம் ஆண்டில் றோயல் அக்கடமியின் அதிபர் மக்கென்சியும் றோயல் கல்லூரியின் பணிப்பாளர் குறோவும் முன்னின்று இரு நிறுவனங்களுக்கும் பொதுவான பரீட்சைச் சபையொன்றை உருவாக்கினர். இருப்பூர்தியும் கப்பலும் பரீட்சகரை ஊர்தோறும் நாடுதோறும் கொண்டுசென்றன.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. இசைக் குடும்பத்திற் பிறவாதவரும், தலைநகர்க்குச் சென்று கற்க வசதியில்லாதவரும், வீட்டைவிட்டு வெளியே தங்கிக் கற்க அனுமதி பெறாத பெண்களும் தம் திறமைக்குச் சான்று பெற்றனர். அச்சான்றைக் கொண்டு ஆசிரியத் தொழில் செய்து தம் காலில் நின்ற பெண்கள் பலர். ஆனால் இழந்ததும் ஒன்றுண்டு. பரீட்சைச் சபை பாடத்திட்டத்தைக் கொடுத்தது, பரீட்சகரை அனுப்பியது, புள்ளி வழங்கியது. சாதகத்துக்குரிய காலத்தை மாத்திரம் அது கொடுக்கவில்லை. அதனைத் தேடிக்கொள்ளும் சுமை மாணவனின் தலையிலும் அவன் வீட்டாரின் தலையிலும் விழுந்தது.

காலம் சுருங்கவே, அதனைச் சுருக்கமாகச் செலவிடும் உபாயங்களும் கற்பிக்கப்பட்டன. 1814இல் லோஜியர் என்பார் பியானோ வாசிப்போரின் கைகளை நெறிப்படுத்தும் பொறியொன்றுக்கு உரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் மேல்சல் தாளமானிக்கு உரிமை பெற்றார். கால்க்பிரென்னர் என்னும் பியானோ வித்துவான் கைதாங்கியின் உதவியாற் கைகளைப் பழக்கிக்கொண்டே புத்தகம் வாசிக்கலாம் என்றார். இவை யாவும் விரல் வேறு, மனம் வேறு எனக் கருதிய பிழையின் விளைவுகள். இப்பிழை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு இலைப்சிக் நகரத்து வீடொன்றே சான்று. பிரீட்ரிக் வீக் என்னும் ஆசிரியர் தம் மகள் கிளாராவின் பயிற்சி நேரத்தை வரையறை செய்து, நாடோறும் திறந்த வெளியிலே நெடுந்தூரம் நடக்கவும் செய்தார். கிளாரா 1830ஆம் ஆண்டில், பதினோராம் வயதிலேயே, அந்நகரின் பெருமண்டபத்தில் தனிக் கச்சேரி செய்தாள். அவ்வாண்டில் அதே வீட்டில் மாணவனாகத் தங்கிய சூமான், இழந்த காலத்தை விரைந்து ஈட்ட முனைந்தான். சில ஆண்டுகளுள் வலக்கை பழுதுற்று, பியானோ வித்துவானாகும் எண்ணத்தையே கைவிட்டான். கைப் பழுதின் காரணம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அளவறிந்த பயிற்சியின் பயன் கிளாராவின் நீண்ட கலை வாழ்விலே விளங்கிற்று.

தென்னாட்டிலும் இதே மாற்றம் சற்றுப் பிந்தி நிகழ்ந்தது. 1855ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் மரபு வாரிசின்றி முடிவுற, கலைஞர்க்கு அரசவை ஆதரவு குன்றியது. வித்துவான்கள் சென்னை முதலிய நகரங்களை நாடினர். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி 1904இலும், ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இலும் அச்சேறின. சென்னை இராணிமேரிக் கல்லூரியில் 1928இல் இசை கல்லூரிப் பாடமாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1931ஆம் ஆண்டில் தோன்றிய வட இலங்கை சங்கீத சபை, வாய்ப்பாட்டுக்கும் வாத்தியங்களுக்கும் தரம் தரமாகப் பரீட்சை நடத்தி, ஊர்ப் பாடசாலை மாணவர்க்கும் சங்கீதத்தின் வாயிலைத் திறந்தது. 1960ஆம் ஆண்டில் மருதனார்மடத்திலே நிறுவப்பட்ட இராமநாதன் இசைக் கல்லூரி, சாதகத்துக்கென முழுநேரத்தைத் தரும் இடமொன்றை இந்நாட்டிலேயே ஏற்படுத்தியது. 1975இல் அது பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஆயினும் தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் பாடசாலை முடிந்து எஞ்சிய மாலைப் பொழுதிலேயே வாத்தியத்தை எடுத்தனர்.

எஞ்சிய பொழுது சிறிதாயினும் பயன்படுமா? இதற்கு விடை கூறும் ஆய்வுகள் உள. சேர்மானிய அறிஞர் எபிங்கௌசு 1885இல் வெளியிட்ட நூலில், பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து தம்மையே சோதித்த முடிவுகளைத் தந்தார். ஒரே நாளில் 68 முறை உருப்போட்டதால் எய்திய பயனை, மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை உருப்போட்டே எய்தலாம் என்பது அவர் கண்டது. 1993இல் எரிக்சன் முதலியோர் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவரை ஆராய்ந்தனர். பதினெட்டு வயதுக்குள் மிகச் சிறந்தோர் சுமார் 7,400 மணி நேரமும், அடுத்த நிலையினர் சுமார் 5,300 மணி நேரமும், ஆசிரியராகப் பயின்றோர் சுமார் 3,400 மணி நேரமும் தனிச் சாதகம் செய்திருந்தனர். சிறந்தோர் பகலிலும் சிறிது உறங்கி, மற்றையோரிலும் மிகுதியாக ஓய்வு கொண்டனர் என்பதும் அங்கே காணப்பட்டது. நேரம் ஒன்றே திறமைக்குக் காரணம் என்னும் கருத்தைப் பின்வந்த ஆய்வாளர் மறுத்துள்ளனராயினும், நேரமின்றித் திறமை இல்லை என்பதை மறுத்தவர் இலர்.

நாளொன்றுக்கு அரைமணி நேரம் தவறாது பயிலும் மாணவன் ஓராண்டில் ஏறத்தாழ 180 மணி நேரம் பெறுவான். பெர்லின் மாணவருள் மிகச் சிறந்தோரின் தொகையை அவன் எட்டுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு செல்லும். ஆகவே தரப் பரீட்சையில் தேறியவனை வித்துவான் என எண்ணுவது தவறு. அப்பரீட்சை அதற்கென ஏற்பட்டதுமன்று. ஆனால் அந்த 180 மணி நேரம் ஒரு தரத்துக்குரிய பாடத்தைச் செம்மையாகக் கற்கப் பயன்படும். பரீட்சைக்கு முன்வரும் இரு வாரங்களில் நாளெல்லாம் வாசித்து அதனை ஈடுசெய்தல் அரிது.

பரீட்சையை வகுத்தோரும் இதனை அறியாதவரல்லர். மேற்கூறிய 1889ஆம் ஆண்டுச் சபையின் செய்முறைப் பரீட்சையில் மொத்தப் புள்ளி 150. தேறுவதற்கு 100 வேண்டும். மூன்று உருப்படிகளுக்கும் சேர்த்து 90 புள்ளிகளே உள. எஞ்சிய 60 புள்ளிகள் சுரவரிசை, பாராது வந்ததைப் பார்த்து வாசித்தல், செவிப்பயிற்சி ஆகியவற்றுக்கு உரியன. மூன்று உருப்படிகளை மாத்திரம் ஆண்டு முழுவதும் உருப்போட்டவன், அவற்றில் முழுப் புள்ளி பெற்றாலும் தேற மாட்டான். செவியும் கண்ணும் ஓரிரு வாரத்திற் பழகுவனவல்ல. நாடோறும் சிறிது சிறிதாகவே பழகும்.

வரலாறு உணர்த்துவது இதுவே. மாதவிக்கு ஏழாண்டையும், தஞ்சைக் கலைஞர்க்கு நூறு கல நெல்லையும், நேப்பிள்சுப் பிள்ளைகளுக்கு விடியுமுன் தொடங்கி இரவு எட்டு மணிவரை நீண்ட நாளையும் கொடுத்தவர் பிறர். தன் காலத்தைத் தானே தனியாகத் தேடிக்கொள்ளும்படி சிறுவன் ஒருவனை விட்டது அண்மைக் கால ஏற்பாடே. பரீட்சையால் வந்த சமவாய்ப்பைக் கைவிடலாகாது. அது கொடாத காலத்தையோ வீடும் பாடசாலையும் சேர்ந்து கொடுத்தல் வேண்டும். நாளில் அரைமணி நேரத்தை உணவைப் போலவும் உறக்கத்தைப் போலவும் மாறாததாக வீட்டார் வைத்தலும், காலைப் பிரார்த்தனைக்கு முன்னரோ பாடம் முடிந்த பின்னரோ ஓர் அறையைச் சாதகத்துக்கெனப் பாடசாலை திறந்துவிடுதலும் பெருஞ் செலவுக்குரியன அல்ல. அரசர் நெல்லாற் செய்த பணியை இக்காலத்தில் ஒரு திறவுகோலும் ஓர் ஒழுங்கும் ஓரளவேனும் செய்யும். சான்றிதழ் மாணவனுடையது, அதற்கான காலம் பலர் கூடி அளிக்க வேண்டிய கடன்.