ஆவண எழுத்தரின் தொழில் நெறி

ஆவண எழுத்தர் என்பவர் கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை முதலிய பத்திரங்களைக் கட்டணம் பெற்று எழுதித் தரும் தனித்தொழிலர் ஆவார். பேச்சுவழக்கில் இவர் பத்திர எழுத்தர் எனப்படுகிறார். இவர் அரசு ஊழியர் அல்லர். தமிழ்நாட்டில் 1982 ஆம் ஆண்டின் ஆவண எழுத்தர் உரிம விதிகளின் கீழ் இவருக்கு உரிமம் வழங்கப்படுகிறது. வழக்கறிஞரும் பத்திரம் தயாரிக்கலாம். கட்சிக்காரர் தாமே எழுதிக்கொள்ளவும் தடையில்லை. ஆயினும் விழுப்புரம் மாவட்டத்தின் காணை ஒன்றியம் போன்ற வேளாண் பகுதிகளில் நிலம் வாங்குபவர் பணம் கைமாறும் முன் கலந்து பேசும் ஒரே ஆலோசகர் பெரும்பாலும் இவரே.

பொறுப்பின் அடிப்படை

பத்திரம் பதிவானால் உரிமை உறுதியாகிவிட்டது என்பது பரவலான தவறான எண்ணம் ஆகும். 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் ஆவணத்தைப் பதிவு செய்கிறாரே அன்றி, விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பளிப்பதில்லை. மூல ஆவணத்தைக் காட்டாவிடில் பதிவை மறுக்க வழிசெய்த தமிழ்நாட்டின் 55-ஏ விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்றதற்கும் இதுவே காரணம். அதே ஆண்டில் மூல ஆவணத் தேவையைச் சட்டப்பிரிவாகவே சேர்க்கும் திருத்த மசோதா மாநிலச் சட்டப்பேரவையில் நிறைவேறியது.

மூல ஆவணம் குறித்த வழக்கு இம்மாவட்டத்திற்குப் புதிதன்று. சுந்தரரை அடிமை என உரிமை கோரிய முதியவர், படியோலை கிழிக்கப்பட்டபின் மூல ஓலையைக் காட்டி வென்றதாகப் பெரியபுராணம் கூறும் அவை கூடிய இடம் இங்குள்ள திருவெண்ணெய்நல்லூரே. அவையோர் மூல ஓலையிலிருந்த கையெழுத்தைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்துடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவுசெய்தனர்.

நன்னடத்தை

முதற்கேள்வி, எழுத்தர் யாருக்குப் பொறுப்பானவர் என்பதாகும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே எழுத்தர் முன் அமர்கின்றனர். கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்குபவர் தருகிறார். ஜெர்மனியில் ஆவணம் உறுதி செய்யும் நோட்டரி இரு தரப்புக்கும் நடுநிலையாளர். ஆவணம் முழுவதையும் அவர்கள் முன் வாய்விட்டுப் படிக்கவும் அதன் விளைவை விளக்கவும் அங்கு 1969 ஆம் ஆண்டின் சட்டம் கடமையாக்கியுள்ளது. கைநாட்டு வைப்பவர் பத்திரத்தைத் தாமே படித்தறிய இயலாது என்பதால் இவ்வழக்கம் இங்கும் இன்றியமையாதது.

அடுத்தது, தெரிந்ததை மறைக்காமை. வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். இறந்தவரின் வாரிசுகள் யாவர் என்பது அதில் தோன்றாது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பங்குண்டு. தமிழ்நாடு 1989 இல் அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கும், நாடாளுமன்றம் 2005 இல் அனைத்து மகள்களுக்கும் இவ்வுரிமையை வழங்கின. எனினும் மணமாகிச் சென்ற சகோதரியின் கையெழுத்தின்றி அண்ணன் தம்பிகள் மட்டும் எழுதிக் கொடுக்கும் கிரயங்கள் பின்னாளில் பாகப்பிரிவினை வழக்குகளாகின்றன. "அக்கா ஒன்றும் கேட்கமாட்டார்" என்று கட்சிக்காரர் சொல்வதை ஏற்று எழுதுபவர் ஆலோசகர் ஆகார், படியெடுப்பவரே ஆவார். பொது அதிகாரப் பத்திரம் கிரயத்திற்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 இல் கூறியதையும் எழுத்தர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பணம் தொடர்பானது. 2023 ஏப்ரல் முதல் கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆயின. இச்சுமையைக் குறைக்க, கொடுத்த தொகையைக் குறைத்து எழுதும்படி எழுத்தர் கேட்கப்படுவதுண்டு. பின்னர் கிரயம் முறிந்தால், வாங்கியவர் பத்திரத்தில் கண்ட தொகைக்கு மேல் கொடுத்ததை மெய்ப்பிப்பது கடினம். எழுத்தரே நிலத் தரகராகவும் இருப்பின், கிரயம் முடிந்தால்தான் தரகு என்ற நிலையில் அவர் எச்சரிக்கை சொல்வது அரிது. பட்டயக் கணக்காளர்களுக்கு, குறிப்பிட்ட விலக்குகள் நீங்கலாக, இலாபத்தில் விழுக்காடாகவோ பணியின் முடிவைச் சார்ந்தோ கட்டணம் பெறுவது 1949 ஆம் ஆண்டின் சட்டப்படி தொழில் முறைகேடு ஆகும்.

பத்திரத்தின் இறுதியில் தயாரித்தவரின் பெயரும் உரிம எண்ணும் இடம்பெறுகின்றன. வழக்கு எழும்போது அவர் சாட்சியாக அழைக்கப்படலாம். கையெழுத்திட்டவர் யார், உடன் யார் இருந்தனர், எந்த மூல ஆவணம் காட்டப்பட்டது என்பவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவரின் சாட்சியமே அப்போது பயன்படும்.