ஐந்து கோடிக்குக் கை மாறிய ஹாங் செங் வங்கி

வணிகச் செய்தி கேட்கிறவர்களுக்கு "ஹாங் செங்" என்ற பெயர் பழக்கமானதுதான். "இன்று ஹாங் செங் இத்தனை புள்ளி இறங்கியது" என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். நம்ம சென்செக்ஸ் மாதிரி அதுவும் ஏதோ சுருக்கப் பெயர் என்று என் வகுப்பில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது ஒரு வங்கியின் பெயர். அந்த வங்கி கிட்டத்தட்ட மூழ்கப் போய், ஒரு வெள்ளைக்கார வங்கிக்குத் துணை நிறுவனமாகிப் பிழைத்த கதை நம் வங்கியியல் பாடப் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டியது. இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

1933 மார்ச்சில் ஹாங்காங்கின் ஷியுங் வான் பகுதியில், விங் லோக் தெருவில் ஒரு சின்னக் கடையாக இது தொடங்கியது. ஒரு லட்சம் ஹாங்காங் டாலர் முதல், பதினொரு ஊழியர்கள், அவ்வளவுதான். தொழில்? நாணயம் மாற்றுவது, தங்கம் வாங்கி விற்பது. நம்ம ஊர் சௌகார்பேட்டை கடைகள் மாதிரி கற்பனை செய்துகொள்ளலாம். ஹாங் செங் என்றால் "என்றும் வளர்வது" என்று அர்த்தம். ஜப்பான்காரர்கள் ஹாங்காங்கைப் பிடித்தபோது கடையை மூடிவிட்டு மக்காவுக்குப் போனார்கள். போர் முடிந்ததும் திரும்பி வந்தார்கள். 1952இல் கம்பெனியாகப் பதிவு செய்து, 1960இல் முழு வணிக வங்கி ஆனார்கள். 1962இல் அவர்கள் கட்டிய தலைமையகம்தான் அப்போது அந்த ஊரிலேயே உயரமான கட்டிடம்.

பத்து வருடத்தில் எப்படி இந்த வளர்ச்சி? இங்கேதான் சேவை என்ற விஷயம் வருகிறது. அன்றைய பெரிய வங்கி ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கி, அதாவது இன்றைய எச்.எஸ்.பி.சி. 1865இல் அதே ஊரில் ஆரம்பித்ததுதான், ஆனால் நடத்தியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். சீன வியாபாரிகளோடு நேராகப் பேசாமல், கம்ப்ரதோர் என்ற இடைத்தரகரை வைத்துத்தான் பல காலம் தொழில் செய்தார்கள். (பழைய மதராஸில் கம்பெனிக்காரர்களுக்கு துபாஷ்கள் இருந்தார்களே, ஏறக்குறைய அதே வேலை.) ஒரு காய்கறிக்காரரோ வீட்டு வேலை செய்யும் பெண்ணோ அந்த வங்கியின் பளிங்குத் தரையில் கால் வைக்கத் தயங்குவார்கள். ஹாங் செங் இவர்களைத்தான் கூப்பிட்டது. அவர்கள் மொழியில் பேசுவது, எழுதத் தெரியாதவருக்குப் படிவம் நிரப்பித் தருவது, சின்னத் தொகை கொண்டு வந்தாலும் மரியாதையாக நடத்துவது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது இல்லையா? ஆனால் அப்போது அது சாதாரணம் இல்லை.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. சின்ன டெபாசிட்காரர்கள் நிறைய இருந்தால் வங்கிக்குப் பலம்தான், வதந்தி கிளம்பாத வரைக்கும்.

1965 ஜனவரியில் மிங் தாக் என்ற சிறிய வங்கி நிலத்தில் பணத்தைப் போட்டுத் திரும்ப எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டது. பிப்ரவரியில் கேன்டன் டிரஸ்ட் என்ற இன்னொரு வங்கி விழுந்தது. அவ்வளவுதான், சீனர்கள் நடத்தும் எல்லா வங்கி வாசலிலும் வரிசை. அரசு பதறிப்போய் ஒரு கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல் ரொக்கம் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. உள்ளூர் நோட்டு போதாமல் லண்டனிலிருந்து பிரிட்டிஷ் பவுண்டு நோட்டுகளை விமானத்தில் இறக்கி, அதையும் செல்லுபடியாகும் பணம் என்று அறிவித்தார்கள். ஹாங் செங்குக்குப் பின்னால் நாங்கள் நிற்கிறோம் என்று எச்.எஸ்.பி.சி.யும் சொன்னது. கூட்டம் கலைந்தது.

ஆனால் ஏப்ரலில் மறுபடி கூட்டம் வந்தது. இந்த முறை குறி ஹாங் செங்தான். ஏப்ரல் 5ஆம் தேதி ஒரே நாளில் 8 கோடி டாலர் வெளியே போனது. மொத்த டெபாசிட்டில் ஆறில் ஒரு பங்கு! அந்த வேகத்தில் போனால் ஒரு வாரம்கூடத் தாங்காது என்பதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை.

நம் வகுப்பில் லிக்விடிட்டி, சால்வன்சி என்று இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்கிறோமே, அதன் வித்தியாசம் எனக்கு இங்கேதான் உறைத்தது. ஹாங் செங் திவாலான வங்கி அல்ல. கொடுத்த கடன்கள் இருந்தன, கட்டிடங்கள் இருந்தன. ஆனால் கடனை நாளைக் காலை பத்து மணிக்குள் திரும்ப வாங்க முடியாது, டெபாசிட்காரர் பத்து மணிக்கு வந்து நிற்பார். இப்படிப்பட்ட நேரத்தில் கை கொடுக்கத்தான் மத்திய வங்கி. ஹாங்காங்கிலோ மத்திய வங்கியே கிடையாது. டெபாசிட்டுக்குக் காப்புத் திட்டமும் இல்லை (அது 2006இல்தான் வந்தது). அங்கே நோட்டு அச்சிட்டதே வணிக வங்கிகள்தான், அதில் பெரியது எச்.எஸ்.பி.சி. ஆக, கடைசி நேரத்தில் காப்பாற்றக்கூடியவரும் போட்டிக் கடைக்காரரும் ஒருவரே.

ஒரே வாரத்தில் பேச்சுவார்த்தை முடிந்தது. ஹாங் செங்கின் 51 சதவீதப் பங்குகளை எச்.எஸ்.பி.சி. 5 கோடியே 10 லட்சம் ஹாங்காங் டாலருக்கு வாங்கியது. சதவீதத்துக்குப் பத்து லட்சம் என்று கணக்கு அழகாக வருகிறது, ஆனால் விற்றவர்களுக்கு அதில் அழகு எதுவும் தெரிந்திருக்காது. நிறுவனர்களில் ஒருவரான ஹோ சின் ஹாங் இந்த முடிவு எடுத்த பிறகு அழுதார் என்று சொல்வார்கள். விற்ற செய்தி வெளியானதும் வரிசை காணாமல் போனது.

இது உதவியா, வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டதா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. விலை பேச அவகாசம் உள்ளவர் இப்படி விற்கமாட்டார். அதே சமயம், வரிசையில் நின்ற அந்த வேலைக்காரப் பெண்ணின் சேமிப்பு ஒரு பைசா குறையாமல் தப்பியதும் இந்த விற்பனையால்தான்.

எச்.எஸ்.பி.சி. செய்த புத்திசாலித்தனம் அதற்குப் பிறகு. பெயரை மாற்றவில்லை. ஹோ சின் ஹாங்கைத் தலைவராகத் தொடர விட்டது. இயக்குநர் குழுவில் தன் ஆட்களைச் சேர்த்தது, ஆனால் கவுன்டரில் நின்ற ஊழியர்களையும் அவர்கள் பேசிய மொழியையும் தொடவில்லை. தான் இத்தனை வருடம் எட்ட முடியாத வாடிக்கையாளர்கள் அந்தக் கவுன்டரில்தான் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கிய கடைக்கு உடனே தன் போர்டு மாட்டும் கம்பெனிகள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்!

1969 நவம்பரில் ஹாங் செங் வங்கி ஒரு பங்குக் குறியீட்டெண்ணை வெளியிட்டது. செய்தியில் தினமும் வருவது அதன் வாரிசுதான். 1972இல் வங்கியே பங்குச் சந்தையில் பட்டியலானது. எச்.எஸ்.பி.சி.யின் பங்கு பின்னாளில் 60 சதவீதத்தைத் தாண்டியது.

2025 அக்டோபரில், வெளியாரிடம் இருந்த மீதிப் பங்குகளையும் வாங்கிக்கொள்கிறேன் என்று எச்.எஸ்.பி.சி. அறிவித்தது. ஒரு பங்குக்கு 155 ஹாங்காங் டாலர். மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், அதற்கு மட்டும் சுமார் 10,600 கோடி ஹாங்காங் டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அறுபது வருட விலைவாசி, இடையில் சேர்ந்த மூலதனம் எல்லாவற்றையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த 5 கோடியே 10 லட்சத்தைப் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.