மாதிரி ஹெலிகொப்டர் டிரான்ஸ்மிற்றர்: அமைப்பும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் பயன்பாடும்

மாதிரி ஹெலிகொப்டர் டிரான்ஸ்மிற்றர் என்பது, தரையில் நிற்பவர் கையில் பிடித்தபடி சிறிய ஹெலிகொப்டர் ஒன்றை வானலை வழியே இயக்கும் கருவி. கடையிலும் பேச்சிலும் இதற்கு ‘ரிமோட்’ என்றே பெயர். ஹெலிகொப்டருக்குள் இருந்தபடி அந்தக் கட்டளையை வாங்குவது ரிசீவர். அதன்படி உறுப்புகளை அசைப்பவை சேர்வோக்கள்.

சாதாரண மாதிரி விமானத்தில் ஒரு ஸ்டிக்கை அசைத்தால் பெரும்பாலும் ஒரு சேர்வோ அசையும். ஹெலிகொப்டரில் அப்படியில்லை. மேலே எழுப்பும் ஸ்டிக்கை உயர்த்தினால் மோட்டாரின் வலு, பிரதான இறக்கைகளின் சாய்வு, வாலின் எதிர்விசை ஆகிய மூன்றும் ஒன்றாக மாற வேண்டும். இந்தக் கலவையின் பெரும்பகுதி டிரான்ஸ்மிற்றரின் நினைவகத்தில்தான் இருக்கிறது. அங்கே விட்ட பிழை மேசையில் சும்மா கிடக்கும். ஹெலிகொப்டர் தரையை விட்டு எழும்பிய முதல் இரண்டு வினாடிக்குள் வெளிப்படும். அதனால் டிரான்ஸ்மிற்றரை ஒழுங்காக அமைப்பது, பறக்கக் கற்பதன் முதல் பாடமாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

வானலையால் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்க முடியும் என்று நிக்கோலா டெஸ்லா 1898 இல் நியூயோர்க் மடிசன் ஸ்குவெயர் கார்டனில் சிறு படகொன்றைக் கொண்டு காட்டினார். மாதிரி விமானங்கள் அந்த வழியில் முன்னேறிய பிறகும் ஹெலிகொப்டர் நீண்டகாலம் பிடிகொடுக்கவில்லை. 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானியரான டீற்றர் ஷ்லூற்றர் அதை நம்பகமாகப் பறக்கவிட்டு, பொழுதுபோக்காளர்களின் கைக்கும் கொண்டுவந்தார். பின்னர் வந்த ஜைரோ என்னும் சுழற்சி உணரி வாலின் தள்ளாட்டத்தையும், நினைவகமுள்ள டிரான்ஸ்மிற்றர் கலவைக் கணக்குகளையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டன.

தமிழரிடையே இந்தப் பொழுதுபோக்கால் அறியப்பட்டவர் நடிகர் அஜித்குமார். மாதிரி விமானங்களிலும் ஹெலிகொப்டர்களிலும் ஈடுபாடு கொண்ட அவரை, 2018 இல் சென்னை குரோம்பேட்டையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம் தன் ‘தக்ஷா’ மாணவர் குழுவுக்கு ஆலோசகராக நியமித்தது. அதே ஆண்டு அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா வான்கலப் போட்டியில் அக்குழு இரண்டாம் இடம் பெற்றது.

அலைவரிசை

பழைய டிரான்ஸ்மிற்றர்கள் 27, 35, 40, 72 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளில் நாட்டுக்கு நாடு வேறுபட்டு இயங்கின. ஒவ்வொன்றுக்கும் அலைவரிசையைத் தீர்மானிக்கும் தனிப் பளிங்கு உண்டு. ஒரே எண் பளிங்குள்ள இருவர் ஒரே வெளியில் சுவிச்சைப் போட்டால் பறந்துகொண்டிருப்பவருடைய மொடல் விழும். இதனாலேயே கழகங்களில் அலைவரிசைப் பலகையும் கிளிப்பும் வைத்து முறை காத்தார்கள்.

2000 களின் நடுப்பகுதியிலிருந்து 2.4 கிகாஹேர்ட்ஸ் பரவலானது. இதில் டிரான்ஸ்மிற்றர் அலைவரிசைகளுக்கிடையே தாவித் தாவி அனுப்புகிறது, அல்லது சைகையை அகலப் பரப்பி அனுப்புகிறது. தன் டிரான்ஸ்மிற்றரின் அடையாள எண்ணைக் கண்டால் மட்டுமே ரிசீவர் கட்டளையை ஏற்கும். இந்த உறவை முதலில் ஏற்படுத்துவதே ‘பைண்ட்’ செய்தல். பியூட்டாபா, ஸ்பெக்ட்ரம், ஃபிளைஸ்கை, எஃப்ஆர்ஸ்கை போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மொழி பேசுவதால், ஒன்றின் ரிசீவர் மற்றொன்றின் டிரான்ஸ்மிற்றரோடு பொதுவாகச் சேராது.

2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்ரிமீற்றர். ஆகவே ரிசீவரின் அன்ரெனா முனை, அதன் காற்பங்காக, 3 சென்ரிமீற்றர் அளவே இருக்கும். இரண்டு முனை இருந்தால் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வைக்க வேண்டும். அன்ரெனாவின் நுனித் திசையில் வலு மிகக் குறைவு; எனவே டிரான்ஸ்மிற்றரின் அன்ரெனாவை ஹெலிகொப்டரை நோக்கித் துப்பாக்கிபோல நீட்டுவது தவறு.

விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும் சைமா எஸ்107 போன்ற சின்னஞ்சிறு ஹெலிகொப்டர்கள் வானலையில் அல்ல, அகச்சிவப்பு ஒளியில் இயங்குபவை. அறைக்குள் அவை நன்றாகப் பறக்கும். ஆனால் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் பகல் வெயிலில் சூரியனின் அகச்சிவப்பு ரிமோட்டின் ஒளியை மூழ்கடித்துவிடும்.

சனல்களும் ஸ்டிக் ஒழுங்கும்

தனியே அனுப்பப்படும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சனல். இறக்கைச் சாய்வு மாறாத எளிய ஹெலிகொப்டருக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிரே சுழலும் இரட்டை ரோட்டர் வகைக்கும் நான்கு சனல் போதும். இறக்கைச் சாய்வு மாறும் ‘கலெக்டிவ் பிட்ச்’ வகைக்கு ஆறு தேவை: முன்–பின், இட–வல, மோட்டார், வால், ஜைரோ உணர்திறன், பிட்ச்.

‘மோட் 2’ ஒழுங்கில் இடது ஸ்டிக் மேல்–கீழ் அசைந்தால் ஏற்றமும் இறக்கமும், பக்கவாட்டில் அசைந்தால் வால் திருப்பமும் கிடைக்கும். வலது ஸ்டிக் ஹெலிகொப்டரை முன்பின்னாகவும் பக்கங்களுக்கும் சாய்க்கும். ‘மோட் 1’ இல் ஏற்றம் வலது கைக்கும், முன்–பின் சாய்வு இடது கைக்கும் போகும். எது சிறந்தது என்பதை விட, கற்றுத்தருபவர் எதைப் பிடிக்கிறார் என்பதே முக்கியம். ஒருமுறை கை பழகிவிட்டால் மாற்றுவது கடினம்.

அமைக்கும் முறை

வேலையைத் தொடங்குமுன் மோட்டாருக்குப் போகும் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். 450 வகை ஹெலிகொப்டரின் ரோட்டர் விட்டம் சுமார் 70 சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுழன்றால் இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 370 கிலோமீற்றரைத் தொடும். வீட்டு மேசையில் அது தற்செயலாகச் சுழலக் கூடாது.

1. மொடல் நினைவகம். புதிய மொடலைத் திறந்து வகையை ‘ஹெலிகொப்டர்’ என்று குறிக்க வேண்டும். அடுத்து, சேர்வோக்களின் அசைவை இறக்கைகளுக்குக் கடத்தும் தட்டான ‘சுவாஷ் பிளேட்’டின் வகை. மூன்று சேர்வோ 120 பாகை இடைவெளியில் சேர்ந்து தாங்கினால் 120 பாகைக் கலவை. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சேர்வோ என்றால் சாதாரண வகை. மூன்று அச்சு ஜைரோப் பெட்டி பொருத்தியிருந்தால் கலவையை அந்தப் பெட்டியே செய்யும். டிரான்ஸ்மிற்றரில் சாதாரண வகையையே தெரிவுசெய்ய வேண்டும். இரண்டும் கலவை செய்தால் ஸ்டிக்குக்கும் அசைவுக்கும் தொடர்பே இராது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

2. திசை. எழுப்பும் ஸ்டிக்கை உயர்த்தினால் சுவாஷ் பிளேட் மட்டமாக மேலே அல்லது கீழே நகர வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் ஏதோ ஒரு சேர்வோ எதிர்த்திசையில் ஓடுகிறது. அதைத் ‘திசைமாற்று’ப் பட்டியலில் திருப்பலாம். மோட் 2 இல் வலது ஸ்டிக்கை முன்னே தள்ளினால் பிளேட் முன்னே சாய வேண்டும். வலப்புறம் தள்ளினால் வலப்புறம் சாய வேண்டும்.

3. நடு. சேர்வோவுக்கு நடுநிலை என்பது சுமார் 1.5 மில்லிசெக்கன் நீளமுள்ள மின்துடிப்பு. வளைவுகளை அமைப்பதற்கு முந்தைய இந்த நிலையில், ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சேர்வோக் கை இணைப்புத் தண்டுக்குச் செங்கோணத்திலும், பிளேட் மட்டமாகவும், இறக்கைச் சாய்வு 0 பாகையிலும் நிற்க வேண்டும். முதலில் கையைக் கழற்றிப் பொருத்தமான பல்லில் மாட்டி, தண்டின் நீளத்தையும் சரிசெய்ய வேண்டும். எஞ்சிய சிறு பிழையை மட்டுமே ‘சப் டிரிம்’ மூலம் தீர்க்கலாம்.

4. எல்லை. சேர்வோ கடைசிவரை போய் எங்காவது முட்டி ‘ர்ர்’ என்று உறுமினால் பயண அளவைக் குறைக்க வேண்டும். முட்டி நிற்கும் சேர்வோ அளவுக்கு மீறி மின்னை இழுக்கும். அதனால் ரிசீவருக்குப் போகும் மின் தளர்ந்து கட்டுப்பாடே அறுபடலாம்.

5. வளைவுகள். ஸ்டிக்கின் ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு மோட்டார் வலு, எவ்வளவு பிட்ச் என்று சொல்வது இது. பழகுநருக்கு அடியில் −2 அல்லது −3 பாகை, நடுவில் மிதப்பதற்குச் சுமார் +5, உச்சியில் +9 வரை பிட்ச் போதும். மோட்டார் வளைவு அடியில் பூச்சியத்தில் தொடங்கி, நடுவில் 60 சதவீத அளவை எட்டி, பின் மெல்ல ஏற வேண்டும். தலைகீழாகப் பறப்பவர்களுக்கான ‘ஐடில் அப்’ நிலையில் ஸ்டிக்கைக் கீழே இழுத்தாலும் மோட்டார் நிற்காது. ஆகவே தொடக்கத்தில் அந்தச் சுவிச்சை முடக்கிவைப்பதே புத்தி.

6. மிருது. வலது ஸ்டிக்கின் வீச்சை 60 முதல் 70 சதவீதமாகவும், ‘எக்ஸ்போ’வை 20 முதல் 30 சதவீதமாகவும் வைத்தால், நடுவுக்கு அருகே கை நடுங்கினாலும் ஹெலிகொப்டர் துள்ளாது. எக்ஸ்போவின் குறி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலவற்றில் கூட்டலும் சிலவற்றில் கழித்தலும் மிருதுவாக்கும் என்பதால் திரையிலுள்ள கோட்டைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

7. ஜைரோ. ஹெலிகொப்டரைக் கையில் தூக்கி மூக்கை இடப்பக்கம் சட்டென்று திருப்பினால், ஜைரோ வலப்பக்கம் திருப்பும் விதத்தில் வால் இறக்கையை அசைக்க வேண்டும். வால் ஸ்டிக் சரியாக வேலைசெய்தாலும் ஜைரோவின் திசை தலைகீழாக இருக்கலாம். அப்படியானால் ஹெலிகொப்டர் எழும்பியதும் பம்பரமாகச் சுற்றும்.

8. காப்பு. ‘த்ரொட்டில் ஹோல்ட்’ சுவிச்சைப் போட்டால் மோட்டார் உடனே நிற்க வேண்டும். விரல் பார்க்காமலே எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் ரிசீவர் என்ன செய்யும் என்பதே ‘ஃபெயில்சேஃப்’. ஹெலிகொப்டருக்கு அதன் பொருள் மோட்டாரை நிறுத்துவது. இறக்கைகளைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிற்றரை அணைத்து இதைச் சோதிக்கலாம்.

வாவிப் பிரதேசச் சூழல்

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கடலோரப் பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல்நிலப் பக்கம் படுவான்கரை. கரைகளின் பெயரே பறப்பவருக்குப் பாடம். காலையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. அப்போது கிழக்குக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். மாலையில் படுவான் பக்கத்துக்கு முதுகு காட்ட வேண்டும். வெயிலுக்கு எதிரே பறக்கவிட்டால் ஹெலிகொப்டர் கரிய நிழலாகி, மூக்கு எது வால் எது என்று தெரியாமல் போகும்.

காற்றும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. தென்மேல் பருவத்தில் மலைநாட்டைத் தாண்டி இறங்கும் வறண்ட, சூடான கச்சான் காற்று பகலில் பலமாக வீசும். பழகுநருக்கு உகந்தது, காற்று எழும்புவதற்கு முந்தைய விடிகாலை. அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் படுவான்கரை வயல், மணற்கரையை விட நல்ல தளம். மணல் பறந்து பற்சக்கரங்களுக்குள் புகும். உப்புக்காற்று மின்முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றும். கடலோரம் பறந்த நாளில் டிரான்ஸ்மிற்றரின் ஸ்டிக் அடிகளையும் பற்றரி முனைகளையும் உலர்ந்த துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

வாவியின் நீர்ப்பரப்பு திறந்த வெளியாகத் தோன்றினாலும் வானலைக்கு அது ஒரு கண்ணாடி. தாழப் பறக்கும் ஹெலிகொப்டரை நேரே வரும் அலையும், நீரில் பட்டுத் தெறித்த அலையும் சேர்ந்து அடைகின்றன. சில இடங்களில் அவை ஒன்றையொன்று குறைத்துவிடும். நீருக்குள்ளோ நிலைமை இன்னும் மோசம். கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்பதாகச் சொல்லப்படும் பாடும் மீனின் ஒலி நீரில் தூரம் போகும்; 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சில சென்ரிமீற்றருக்குள் அழிந்துவிடும். விழுந்த ஹெலிகொப்டருக்கு அதன்பின் எந்தக் கட்டளையும் எட்டாது. நீர்மேல் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும் கடினம். இவற்றோடு தோணிகளும் வலை வீசுவோரும் இருப்பதால், பழகுநர் வாவிக்கு மேலே பறக்காமல் கரையிலிருந்து விலகிய வெறுந்தரையில் பழகுவதே முறை.

பற்றரியும் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டது. லிதியம் பொலிமர் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ற், முழுச் சார்ஜில் 4.2. 3.3 வோல்ற்றுக்குக் கீழே இறங்க விடாமல் டிரான்ஸ்மிற்றரின் நேரமானியை முதலில் நான்கு நிமிடத்துக்கு வைப்பது வழக்கம். மூடிய வாகனத்துக்குள் மதிய வெயிலில் பற்றரியை விடக் கூடாது.

சட்டம்

வானலைக் கருவிகளை 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும், வான்வெளியை 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானச் சட்டத்தின் கீழ் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையும் ஒழுங்குபடுத்துகின்றன. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்டது. அதற்கு நான்கு நாட்களின் பின் ஆளில்லா வான்கலங்களுக்கு நாடெங்கும் தடை வந்தது. வாவியை ஒட்டியே இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையம் நீண்டகாலம் விமானப்படைத் தளமாக இருந்து, 2018 மார்ச்சில் சிவில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. நகரைச் சூழ்ந்த வெளிகளில் பல அதற்கு அருகிலேயே உள்ளன. எனவே இடத்தைத் தெரிவுசெய்வதற்கு முன் அப்போது நடைமுறையிலுள்ள அனுமதி விதிகளைக் கேட்டறிய வேண்டும்.

முதல் பறப்பு

சுவிச்சுப் போடும் வரிசை மாறக் கூடாது. முதலில் டிரான்ஸ்மிற்றர், பிறகு ஹெலிகொப்டர். அணைக்கும்போது முதலில் ஹெலிகொப்டர், கடைசியாக டிரான்ஸ்மிற்றர். திரையில் சரியான மொடலின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, ‘தூரச் சோதனை’ நிலையில் வலுவைக் குறைத்து, கைநூலில் சொன்ன தூரம் நடந்து, சேர்வோக்கள் தடங்கலின்றி அசைகின்றனவா என்று மற்றொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தரையில் சறுக்கும் அகன்ற பயிற்சிக் கால்களைக் கட்டி, வாலைத் தன் பக்கம் வைத்து, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் மிதக்கவிடுவதே தொடக்கம். ஒரே பக்கம் இழுத்தால் டிரிம் பொத்தானை ஓரிரு அடி நகர்த்தலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிழை ‘நடு’வில் இருக்கிறது, மேசைக்குத் திரும்ப வேண்டும்.

மாரிக் காலத்தில் வயல் நீரில் மூழ்கிவிடும். அந்த மாதங்களில் அதே டிரான்ஸ்மிற்றரைக் கம்பியால் கணினியில் இணைத்துப் பாவனைப் பறப்பு மென்பொருளில் பழகலாம். மெய்யான ஹெலிகொப்டரின் வளைவுகளும் வீச்சும் அங்கே உதவா என்பதால் அதற்கு வேறொரு மொடல் நினைவகம் திறக்க வேண்டும். மழை விட்டு வயல் காய்ந்ததும் பழைய மொடலைத் தெரிவுசெய்துவிட்டுத்தான் பற்றரியை மாட்ட வேண்டும்.