வாடிவாசலும் நம்ம லயமும்

2024 ஜனவரி 6. கெம்பஸ் நண்பர்கள் நாலு பேர் கண்டியில் பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து சம்பூர் போய்ச் சேர்ந்தோம். இலங்கையில முதல் தடவையா ஜல்லிக்கட்டு! அப்போது கிழக்கு மாகாண ஆளுநராக இருந்த செந்தில் தொண்டமானின் ஏற்பாடு. முன்னர் நம்ம ஊவா மாகாண சபையில் அமைச்சராக இருந்தவர். அவருடைய காளைகள் தமிழ்நாட்டு வாடிவாசல்களில் பேர் போனவை.

200க்கும் அதிகமான காளைகள் என்றார்கள். ஒவ்வொன்றும் வாடிவாசலை விட்டுப் பாயும்போது நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். 2017 மெரினா போராட்டத்தை அப்புத்தளையில் இருந்து போனில் பார்த்து, "நம்ம விளையாட்டு" என்று ஸ்டேட்டஸ் போட்ட ஸ்கூல் பிள்ளைதானே நான்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி ஒருவர், இது ரோடியோ மாதிரி இருக்கு என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். ரோடியோ மேய்ச்சல் நிலத்தில் பிறந்தது. மெக்சிகோவிலும் பிறகு அமெரிக்காவிலும் கூலிக்கு மாடு மேய்த்தவர்கள், வேலையில் கற்ற வித்தையைப் போட்டியாக்கினார்கள். மாடு முதலாளியுடையது, வித்தை அவர்களுடையது. சரி, நம்ம ஆட்களும் கூலிகளாக வந்தவர்கள்தானே. நம்மிடம் ஏன் ஜல்லிக்கட்டு இல்லை?

நம்ம முன்னோர்களில் பலர் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம். எல்லாம் ஜல்லிக்கட்டு மண். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைக்கு நடந்தார்கள். அந்த நடையில் காளை வராது. தப்பு வந்தது, மாரியம்மன் வந்தாள், காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் வந்தன. உடம்பிலும் நினைவிலும் தூக்கி வரக்கூடியவை வந்தன.

வந்த பிறகும் காளை வளர்க்க வழியில்லை. காளைக்கு மேய்ச்சல் வேணும், ஓடவிட ஊர்ப் பொதுநிலம் வேணும். தோட்டத்திலோ சுற்றிலும் கம்பனிக் காணி, நடுவில் லயம், அதில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா.

இதுதான் பதில் என்று நினைத்துத் தாத்தாவிடம் சொன்னேன். "பால் மாடு வளத்தோம்யா, புல்லறுத்துப் போட்டு. காளக்கன்னு பொறந்தா வித்துருவோம்" என்றவர், கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "ஊருல மட்டும் நமக்கா காள இருந்துச்சு? நாம தப்படிச்ச ஆளுங்கய்யா."

நான் பகிர்ந்த எந்த மீமும் இதைச் சொல்லித் தரவில்லை. மலையகத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர், நிலமற்றவர்கள். ஊரில் நிலம் இல்லாமல்தான் தோணி ஏறினார்கள். வந்த இடத்திலும் நிலம் கிடைக்கவில்லை.

நிலத்தின் அருமை சம்பூருக்கும் தெரியும். 2006இல் போரால் இடம்பெயர்ந்த அந்த மக்கள், 2015க்குப் பிறகுதான் கட்டங்கட்டமாக ஊர் திரும்ப முடிந்தது. நிலம் திரும்பக் கிடைத்ததால்தான் அங்கே வாடிவாசல் கட்ட இடம் இருந்தது.

ஜல்லிக்கட்டு வேணாம்னு சொல்ல வரல. அன்று நான் கத்தியது உண்மையான சந்தோஷத்தில்தான். ஆனால் 200 வருஷம் கழித்தும் வீட்டுக்கு 7 பேர்ச் என்று பேசிக்கொண்டிருக்கும் நாம், "நம்ம பாரம்பரியம்" என்று சொல்லும்போது, அதில் நம்ம ஆட்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்றும் கேட்கணும். உங்க வீட்டுத் தாத்தா பாட்டியிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.