சோடா உப்பும் அதன் பக்கத்து டப்பாவும்

மைசூர் பாகு, மைசூர் போண்டா, மைசூர் ரசம் என்று நம் சாப்பாட்டில் பாதி இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஊர் அது. (2014-லிருந்து அதிகாரபூர்வமாக மைசூரு. கன்னடக்காரர்கள் எப்போதுமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.) அந்த போண்டாவை மெத்தென்று ஆக்கும் வெள்ளைப் பொடியைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன். நம்மூரில் ஆப்ப சோடா அல்லது சோடா உப்பு. இலங்கைத் தமிழர்களுக்கு அப்பச்சோடா. மைசூரில் அடிகெ சோடா. இங்கே மெல்போர்ன் கடைகளில் பைகார்ப் சோடா. வேதியியல் புத்தகத்தில் சோடியம் பைகார்பனேட்.

"இதைப் பத்திரமாக வைப்பதில் என்னய்யா பெரிய வரலாறு?" என்று கேட்பீர்கள். உணவுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் என்னிடம் இதை நிறையப் பேர் கேட்டாகிவிட்டது. சோடா உப்பு ரொம்ப சாது. தீப்பிடிக்காது. சொல்லப்போனால் சிலவகைத் தீயணைப்பான்களுக்குள் இருப்பதே இந்தப் பொடிதான். கண்ணில் பட்டால் கொஞ்சம் எரியும், தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும். ஆபத்து அதனிடம் இல்லை. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டப்பாவில் இருக்கிறது.

முதலில் அதன் பங்காளிகளைப் பாருங்கள். சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. கையில் பட்டால் தோலை அரிக்கும், வாய்க்குள் போனால் உணவுக்குழாயைப் பொசுக்கும். மூன்றுமே வெள்ளை, மூன்றுக்குமே பெயரில் சோடா. உணவுச் சேர்மானங்களின் சர்வதேசப் பட்டியலில்கூட சோடா உப்பும் சோடியம் கார்பனேட்டும் 500 என்ற ஒரே எண்ணின் இரண்டு உட்பிரிவுகள்தான். வாசல் ஒன்று, அறை வேறு.

இந்தப் பொடி எப்போதும் மூட்டை மூட்டையாகக் கிடைத்ததில்லை. 1846-ல் அமெரிக்காவில் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் சேர்ந்து இதைப் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கினார்கள். 1861-ல் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே கண்டுபிடித்த முறையால் சோடா வகைகள் எல்லாமே மலிவாயின. இந்தியாவில் 1939-ல் குஜராத்தின் மிதாப்பூரில் டாடா கெமிக்கல்ஸ் வந்தது. மலிவானதும் பொட்டலம் மூட்டையாயிற்று. மூட்டை ஸ்டோர் ரூமுக்குப் போயிற்று. அங்கேதான் எலி மருந்தும் கரப்பான் மருந்தும் இருந்தன.

இப்போது மைசூருக்கு வருவோம். 1950 அக்டோபர் 21 அன்று, இளவரசிக்காகக் கட்டப்பட்ட செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. நாம் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்று சொல்வது. முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்ரமணியன். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்த இடம் என்பது பலருக்குத் தெரியும். எனக்கு இன்னொரு விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. அந்த வளாகத்தில் மாவு அரைப்பதற்கும் ரொட்டி சுடுவதற்கும் ஒரு துறை, தானியத்தை அரிக்கும் பூச்சியை ஒழிப்பதற்கு இன்னொரு துறை. புதிதாக விடுதலை பெற்ற நாடு, சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, விளைந்த தானியத்தைக் கிடங்கில் வண்டும் எலியும் தின்றுகொண்டிருந்தன. பூச்சியை ஒழிக்காமல் உணவைக் காப்பாற்ற முடியாது. பூச்சியை ஒழிக்கும் மருந்தோ உணவைத் தொடவே கூடாது. ஒரே வாசலுக்குள் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்த ஏற்பாடு அது.

தனித்தனி இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் அதற்கு முன்பே பார்த்திருந்தது. 1942 நவம்பர் 18, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் சேலம் (நம்ம சேலம் இல்லை :-) ) நகரின் அரசு மனநல மருத்துவமனை. இரவு உணவுக்கு முட்டைப் பொரியல். பால் பவுடர் எடுத்துவரச் சொல்லி ஒரு நோயாளியைக் கீழ்த்தளக் கிடங்குக்கு அனுப்பினார் சமையலறை ஆள். அவர் கொண்டுவந்ததோ கரப்பானுக்கு வைக்கும் சோடியம் ஃப்ளோரைடு. அதுவும் வெள்ளைப் பொடிதான். 47 பேர் இறந்துபோனார்கள். சிரிப்புக்குறி போட்ட கையால் இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 1947-ல் அமெரிக்கா கொண்டுவந்த பூச்சிமருந்துச் சட்டத்தில், சோடியம் ஃப்ளோரைடு போன்ற வெள்ளை விஷங்களுக்கு நிறம் சேர்த்தே விற்க வேண்டும் என்று விதி வந்தது.

மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனவர்களுக்கு இந்த விதியின் அருமை சட்டென்று புரியும். அங்கே கூம்பு கூம்பாகக் குவித்திருக்கும் குங்குமமும் வண்ணப்பொடிகளும் நிறத்தாலேயே தங்கள் பெயரைச் சொல்லிவிடும். வெள்ளைப் பொடிக்கு அந்த வசதி கிடையாது. மைதா, பால் பவுடர், உப்பு, சோடா, விஷம் எல்லாம் ஒரே நிறம்.

நம் பக்கத்தில் பாடம் வந்தது 1958-ல். அந்த ஏப்ரல், மே மாதங்களில் கேரளாவிலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் மக்கள் சாப்பிட்ட கையோடு சுருண்டு விழுந்தார்கள். கேரளாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கோதுமை மாவில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. யாரும் வேண்டுமென்று கலக்கவில்லை. உணவுப் பொருளும் மருந்தும் பக்கத்துப் பக்கத்தில் பயணம் செய்தன, மருந்து கசிந்தது. அவ்வளவுதான். பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் மத்திய அரசு ஒருநபர் விசாரணைக் கமிஷன் அமைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1968-ன் பூச்சிமருந்துச் சட்டம். 1971-ல் அதற்கு விதிகள் வந்தன. பூச்சிமருந்தை உணவுப் பொருளோடு உரசும்படி ஏற்றிச் செல்லக்கூடாது. தனி அறையிலோ, பூட்டிய அலமாரியிலோதான் வைக்க வேண்டும். லேபிளில் சாய்சதுரத்துக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமையைக் காட்ட வேண்டும். ஊரில் உரக்கடைப் பக்கம் போனவர்கள் அந்தச் சாய்சதுரத்தைப் பார்த்திருப்பீர்கள்.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா? 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. சட்டம் வந்து 45 வருடம் ஆன பிறகு! விதி புத்தகத்தில் இருந்தது, அந்தச் சமையலறைக்குள் போய்ச் சேரவில்லை.

சரி, சோடா உப்புக்கென்று தனியாக என்ன கவனம் வேண்டும்? பேக்கரியோ, ஹோட்டலோ, தொழிற்சாலையோ, மூன்று விஷயம் போதும்.

ஒன்று, சூடும் ஈரமும். சுமார் 50 டிகிரியிலிருந்தே இது மெல்ல மெல்லச் சோடியம் கார்பனேட்டாக மாறத் தொடங்கும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்தால் பொங்கும் சக்தி குறையும், பலகாரத்தில் சவுக்கார வாடை வரும். ஈரம் பட்டால் கட்டி தட்டும்.

இரண்டு, புளிப்பு. வினிகர், சிட்ரிக் அமிலம், கழிவறை கழுவும் ஆசிட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். 84 கிராம் சோடா அமிலத்தோடு முழுதாகச் சேர்ந்தால் சுமார் 24 லிட்டர் கரியமில வாயு வரும். 25 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் ஏழு கனமீட்டர். ஜன்னல் இல்லாத சின்ன ஸ்டோர் ரூமில் அது தரையோடு தேங்கினால் உள்ளே குனிகிற ஆளுக்கு மூச்சு முட்டும்.

மூன்று, வாசனை. ஃபினைல், சோப்புத்தூள் எதன் அருகில் இருந்தாலும் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் நாற்றம் போக வைக்கிறோமே, அதே குணம்தான். அப்படி ஃப்ரிட்ஜில் வைத்ததைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். வெளிநாட்டில் இருக்கும் நாம்தான் வெள்ளைப் பொடிகளை ஜிப் பையில் போட்டு சூட்கேஸில் கொண்டுவருகிறவர்கள். அரிசி மாவு ஒரு பை, சோடா ஒரு பை, படிகாரம் ஒரு பை, கரப்பானுக்கு போரிக் பவுடர் இன்னொரு பை. எது எது என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். கோயில் மடப்பள்ளியிலும் தமிழ்ச் சங்க விழாச் சமையலிலும் நிலைமை இன்னும் மோசம். வாராவாரம் வேறு வேறு தன்னார்வலர்கள். போன வாரம் யார் எந்த டப்பாவில் எதைக் கொட்டினார்கள் என்று இந்த வாரம் வருகிறவருக்குத் தெரியாது. ஆரிகனில் கிடங்குக்கு அனுப்பப்பட்டவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதனால் சாப்பாட்டுப் பொருள் இருக்கும் அலமாரியில் சாப்பாடு மட்டும். காலியான மருந்து டப்பாவை எவ்வளவு கழுவினாலும் சமையலறைக்குள் விடாதீர்கள். மாற்றிக் கொட்டிய டப்பாவில் தமிழில் ஒன்று, இங்குள்ள மொழியில் ஒன்று என இரண்டு பெயரும் கொட்டிய தேதியும் எழுதி ஒட்டுங்கள். பெயர் இல்லாத வெள்ளைப் பொடி கண்ணில் பட்டால் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், குப்பையில் போட்டுவிடுங்கள். ஒரு பாக்கெட் சோடா இங்கே இரண்டு மூன்று டாலர்தான்.